கெட்டுப்போகாத சரக்கு: பதினோரு ஆண்டுச் சேமிப்பின் பயன்பாட்டு அனுபவம்

பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இணையத்தில் கண்ணில் படும் நல்ல கட்டுரைகளைப் பிறகு படிக்கலாம் என்று எடுத்து வைக்கும் பழக்கம் 2014இல் என்னைத் தொற்றியது. அதற்காக நான் பயன்படுத்தியது ‘பாக்கெட்’ என்ற செயலி. 2007இல் ‘ரீட் இட் லேட்டர்’ என்ற பெயரில் தொடங்கி, 2012இல் பெயர் மாறி, 2017இல் மொசில்லாவின் கைக்கு வந்த சேவை அது. 2025 ஜூலை 8ஆம் தேதியோடு அதை நிறுத்தப்போவதாக மே மாதமே அறிவித்து, சேமித்தவற்றைப் பதிவிறக்கிக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள். செயலியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு பதினோரு ஆண்டுகள் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பதிவிறக்கத்தில் வந்தது ஓர் எளிய அட்டவணைக் கோப்பு. தலைப்பு, முகவரி, சேர்த்த நேரம், குறிச்சொல், நிலை என ஐந்து பத்திகள். கணக்கு எழுதுகிறவன் கையில் அட்டவணை கிடைத்தால் கூட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டான். மொத்தம் 6,412 வரிசைகள். படித்து முடித்ததாக ஒதுக்கியவை 388. மீதி 6,024க்கும் எதிரே ‘படிக்கவில்லை’ என்றே இருந்தது. அந்த 388இலும், பட்டியலின் நீளம் கண்ணை உறுத்தியதால் படிக்காமலே ஒதுக்கித் தள்ளியவை உண்டு என்பது எனக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

என்னை அதிகம் உட்காரவைத்தது சேர்த்த நேரம் என்ற பத்திதான். 1970இலிருந்து எண்ணிய நொடிகளாக, பத்து இலக்க எண்களாக இருந்ததைத் தேதிகளாக மாற்றி, மாதவாரியாகப் பிரித்தேன். எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஐஸ் விற்பனை படுத்துவிடும், என் மேசையில் வேலை இருக்காது. ‘தடைக்காலம் வரட்டும், உட்கார்ந்து படித்துவிடலாம்’ என்று சொல்லிச் சொல்லியே ஆண்டு முழுவதும் சேர்த்து வந்தேன். ஆனால் பதினோரு ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள், மற்ற எந்த மாதத்தையும்விட மே மாதத்தில்தான் அதிகமாகச் சேர்த்திருக்கிறேன். நேரம் கிடைத்தபோது நான் படிக்கவில்லை. படிக்க வேண்டியவற்றைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நேரமில்லாததால் படிக்கவில்லை என்று அத்தனை காலம் நம்பியிருந்தது அந்த மாதவாரிக் கணக்கில் உடைந்துபோனது.

தேவைப்பட்ட நாளிலாவது அந்தச் சேமிப்பு கைகொடுத்ததா என்றால், அதுவும் இல்லை. மூங்கில் தெப்பம் கட்டிக் கடல்பாசி வளர்ப்பதில் இறங்கலாமா என்று யோசித்த பக்கத்து வீட்டு அக்கா, “தம்பி, நீதான் எல்லாம் படிக்கிறியே, எந்த மாசம் பாசி கட்டுனா தேறும்?” என்று கேட்டார். ‘பாசி’ என்ற குறிச்சொல்லின் கீழ் என்னிடம் 43 கட்டுரைகள் இருந்தன. ஒன்றையும் படித்திராததால் எதில் விடை இருக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டு இரவு புரட்டினேன். மூன்றாம் நாள் அவரே பஸ் ஏறி, மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்துக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். விடையை அவரிடம்தான் நான் தெரிந்துகொண்டேன்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் என் போனிலேயே இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்புகள் எங்கள் கம்பெனி குழுவுக்கு வரும். அவற்றை யாரும் சேமிப்பதில்லை. ஆனால் வந்த நிமிடமே அத்தனை பேரும் படித்துவிடுவார்கள். காற்று பலமென்றால் படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி தரும் டோக்கன் கிடைக்காது, டோக்கன் இல்லையென்றால் ஐஸ் போகாது, எத்தனை பார் (பெரிய ஐஸ் கட்டி) உடைப்பது என்பதை அன்று மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் அப்படித்தான். அது ஏறிய நாளில் ஊரே அண்ணாந்து பார்க்கிறது, இறக்கிய பிறகு அதைப் பற்றி யாருக்கும் பேச்சில்லை. நாளைக்கு உதவாது என்பதாலேயே இன்று பயன்படுகிற தகவல் இது. மீனும் இப்படித்தானே விலை போகிறது? பொழுது ஏறினால் கெட்டுவிடும் என்ற அச்சம்தான் ஏலக்காரனை விடியற்காலையில் கத்தவைக்கிறது. என் 6,024 கட்டுரைகளுக்கு அந்த அச்சம் கிடையாது. அவை கெடாது என்பதே அவற்றைக் கெடுத்தது.

2011இல் ‘சயன்ஸ்’ இதழில் பெட்சி ஸ்பாரோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. தாங்கள் தட்டச்சு செய்த தகவல் கணினியில் அப்படியே இருக்கும் என்று நம்பியவர்களைவிட, அது அழிக்கப்பட்டுவிடும் என்று நம்பியவர்கள் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். சேமிப்புப் பொத்தானை அழுத்தும்போது எனக்குக் கிடைத்த நிம்மதி, படித்து முடித்தபின் கிடைக்கும் நிம்மதியைப் போலவே இருந்தது என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன். பசி அங்கேயே அடங்கிவிட்டது.

சேமிப்பது முழுதும் வீண் என்றும் சொல்ல முடியாது. பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நூறு முகவரிகளைத் திறந்து பார்த்தேன்; 31 திறக்கவில்லை. அவற்றில் முப்பதின் இழப்பை நான் உணரவே இல்லை. மிச்சம் ஒன்று, கீழக்கரைப் பக்கத்துச் சங்கு குளிப்பவர்களைப் பற்றியது. இளவயதில் சங்கு குளித்தவரான என் மாமனாருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று 2019இல் எடுத்து வைத்தேன். அவர் 2022இல் காலமானார். அந்த மூன்று ஆண்டுகளும் பக்கம் திறந்துதான் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் முதல் வேறு ஏற்பாடு. நானும் மனைவியும் மட்டும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கி, செய்திகள் ஏழு நாளில் தானே மறையும்படி வைத்தேன். படிக்க விரும்புவதை அதில் மட்டும்தான் போடுகிறேன். முதல் மாதம் போட்ட 70இல் 22ஐப் படித்தேன், மற்றவை மறைந்தன. இப்போது வாரத்துக்கு ஐந்தாறுக்கு மேல் போடுவதில்லை, பெரும்பாலும் படித்துவிடுகிறேன். மறையாமல் நிறுத்திவைக்கும் வசதியும் அதில் உண்டு என்பதால் பழைய நோய் அந்த வழியாகத் திரும்பக்கூடும். இதுவரை நிறுத்தியவை ஒன்பது. வெளியூர் போகும் வாரத்தில் எல்லாமே போய்விடுவது ஒரு குறை. இன்னொரு குறையை மனைவி சொல்கிறார்: அவர் போடும் மளிகைச் சீட்டும் பிள்ளைகளின் படங்களும் சேர்ந்து மறைகின்றன. “தொண்ணூறு நாள்னு மாத்துங்க” என்கிறார். அவருக்குத் தனிக் குழு ஒன்று தொடங்கிக் கொடுத்திருக்கிறேன், இதை மாற்றவில்லை.