முழுத் தானியமா, பாக்கெட் மாவா, முத்திரை போட்ட பிரெட்டா? குளூட்டன் ஆகாதவர்களுக்கான அலசல்

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். அது ஆகாது என்பவர்கள் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க முடியாது. சிலியாக் நோய் உள்ளவருக்குக் குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும். சிலியாக் இல்லாமலே வயிற்று உப்புசம், சோர்வு என்று அவதிப்படுபவர்கள் இரண்டாவது கூட்டம். அவர்களுக்கு அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் குடல் சிதையாது. கோதுமை ஒவ்வாமை மூன்றாவது, அது வேறு கதை. நீங்கள் எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். சிலியாக்கைக் கண்டுபிடிக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனை, ஆள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகப் பேசும். நிறுத்திப் பல வாரம் கழித்துப் போனால் நோய் இருந்தும் 'இல்லை' என்று வரலாம்.

இனி கடைத் தட்டுக்கு வருவோம். 'குளூட்டன் இல்லை' என்ற முத்திரைக்குப் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். சிலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் வரை குடல் சேதம் வராது என்பது பொதுவான கணக்கு. வரம்பின் விளிம்பிலேயே நிற்கும் உணவாக இருந்தாலும் அரைக் கிலோ சாப்பிட்டால்தான் அந்த 10 மில்லிகிராம் சேரும். ஆகவே முத்திரையை நம்பலாம். நம்பக் கூடாதது 'கோதுமை இல்லை' என்ற வாசகம். அதில் பார்லியும் ரையும் இருக்கலாம், இரண்டிலும் குளூட்டன் உண்டு. மால்ட் என்று கண்டால் பெரும்பாலும் பார்லிதான். வழக்கமான சோயா சாஸில் கோதுமை சேரும். இதற்கு நேர்மாறாக, குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் கலந்த பொருள் சில நாடுகளில் 'குளூட்டன் இல்லை' முத்திரையோடு வரும். சிலியாக்காரருக்கு அது சரி, கோதுமை ஒவ்வாமைக்காரருக்கு ஆகாது.

முத்திரை பிரெட்டின் குறை வேறிடத்தில். அது பெரும்பாலும் ஸ்டார்ச், எண்ணெய், சர்க்கரை. நார்ச்சத்து குறைவு, இரும்பும் ஃபோலேட்டும் சேர்க்காமல் விடுவதும் உண்டு. பயணத்துக்கும் அவசரத்துக்கும் அது இருக்கட்டும். அன்றாடத்துக்கு முழுத் தானியம்தான் எங்கள் தேர்வு: அரிசி, சோளம், கம்பு, மக்காச்சோளம், கினோவா, பக்வீட். எல்லாமே இயல்பில் குளூட்டன் இல்லாதவை. அரிசி ஒன்றையே மூன்று வேளையும் பிடித்துக்கொள்ள வேண்டாம். அரிசிப் பயிர் மண்ணிலும் நீரிலும் உள்ள ஆர்சனிக் என்ற நச்சை மற்ற தானியங்களைவிட அதிகம் உறிஞ்சும். மாற்றி மாற்றிச் சாப்பிடுவதும், நிறைய நீரில் வேகவைத்து வடிப்பதும் அதைக் குறைக்கும்.

முழுத் தானியத்துக்கும் அதே தானியத்தின் பாக்கெட் மாவுக்கும் இடையேதான் பலர் சறுக்குகிறார்கள். தானியத்தில் கலந்த கோதுமை மணி கண்ணுக்குத் தெரியும். வெள்ளைத் துணியில் கைப்பிடி கைப்பிடியாகப் பரப்பிப் பொறுக்கிவிடலாம். கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்த மாவில் எதைப் பொறுக்குவது? முத்திரை இல்லாத மாவைவிட, பொறுக்கிக் கழுவி உலர்த்தி வீட்டில் அரைத்தது பாதுகாப்பானது. பொது அரவை இயந்திரத்துக்குக் கொண்டுபோனால் பட்ட பாடெல்லாம் வீண்.

கோதுமை மணி கலப்பது எவ்வளவு சிக்கல் என்பதற்கு ஓட்ஸ் நல்ல உதாரணம். ஒரு கோதுமை மணியின் எடை சுமார் 40 மில்லிகிராம், அதில் குளூட்டன் ஏறக்குறைய 4 மில்லிகிராம். 50 கிராம் ஓட்ஸில் ஒரே ஒரு மணி விழுந்தால் கிலோவுக்கு 80 மில்லிகிராம் கணக்காகிறது, வரம்பைப் போல நான்கு மடங்கு. பக்கத்துக் கிண்ணத்தில் ஒன்றுமே இருக்காது. ஒரு மாதிரியைச் சோதித்துவிட்டு மூட்டை முழுவதும் சுத்தம் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். கலந்த ஓட்ஸை இயந்திரத்தில் பிரித்தெடுப்பது ஒரு முறை. வயலிலிருந்தே தனியாக வளர்த்து, தனி வண்டி, தனி ஆலை என்று கொண்டுவருவது இன்னொன்று. இரண்டும் கிடைத்தால் பின்னதை எடுங்கள். சுத்தமான ஓட்ஸும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் புதிதாக நோய் தெரிந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

வீட்டிலேயே பிரெட் சுடுபவர்கள் எந்த மாவு என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். உண்மையில் பிரெட்டின் தலையெழுத்தை எழுதுவது, குளூட்டனுக்குப் பதிலாக மாவைப் பிடித்துவைக்கும் ஒட்டுப்பொருள். போட்டி இசப்கோல் உமிக்கும், சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் தூளுக்கும்.

சாந்தன் கம் சிக்கனமானது. கேக்குக்கு ஒரு கப் மாவுக்குக் கால் தேக்கரண்டி போதும், பிரெட்டுக்கு ஒரு தேக்கரண்டி. உலர்ந்த மாவில் கலந்த பிறகே ஈரம் படவேண்டும். நேராக நீரில் போட்டால் மீன்முட்டை போலக் கட்டி கட்டும், பிறகு கரையாது. கூடிப்போனால் உள்ளே வழவழப்பு. சிலருக்கு வயிறும் உப்பும். உப்புசத்துக்காகவே கோதுமையை விட்டவருக்கு இது வம்பு. தவிர, மாவு கடைசிவரை கரண்டியால் ஊற்றும் பதம்தான், கையில் பிடிக்க வராது.

இசப்கோல் உமி நீரை இழுத்துக் கூழாகி, மாவைப் பிசைந்து உருட்டும் பதத்துக்குக் கொண்டுவரும். பிரெட்டுக்கு இதுதான், சந்தேகமே இல்லை. கேக்குக்கு வேண்டாம், கனத்துவிடும்.

ஒரு பிரெட்டுக்கு அளவு: சோள மாவு (மக்காச்சோள மாவு அல்ல) 200 கிராம், மரவள்ளி அல்லது உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 200 கிராம், இசப்கோல் உமி 20 கிராம், நீர் 400 மில்லி, உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 8 கிராம், சர்க்கரை 10 கிராம், எண்ணெய் 20 மில்லி. உமியை வெதுவெதுப்பான நீரில் அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் கூழ் ஒழுகாமல் நிற்கவேண்டும். அதன் பிறகே மற்றவை. உமிக்குப் பதில் இசப்கோல் தூள் என்றால் 17 கிராம் போதும். ஒரே முறை பொங்கவிடுங்கள், ஒன்றரை மடங்கானதும் ஓவனுக்கு. இரண்டு மடங்காகட்டும் என்று காத்திருந்தால் தாங்கிப்பிடிக்கக் குளூட்டன் வலை இல்லாததால் சூட்டில் நடு அமுங்கிவிடும். 220 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம், பிறகு 190இல் 40 நிமிடம். உள்வெப்பம் 97ஐத் தொட்டதும் எடுக்கலாம்.

மேலே மொறுமொறுப்பு, உள்ளே களி போல ஒட்டுகிறதா? நீர் கூடியிருக்கும், அல்லது சூட்டோடு வெட்டியிருப்பீர்கள். ஸ்டார்ச் இறுக இரண்டு மணிநேரமாவது ஆறவேண்டும். பிரெட் ஊதா நிறமாக வந்தால் பயப்படாதீர்கள், சில வகை இசப்கோல் செய்யும் வேலை அது. சாப்பிடலாம், அடுத்த முறை வேறு வகை வாங்கிப் பாருங்கள்.

ஆறிய பிரெட்டைத் துண்டு போட்டு உறையவைத்து, வேண்டியபோது வாட்டுங்கள். கோதுமை பிரெட் வாட்டிய டோஸ்டரில் மட்டும் வேண்டாம். அதிலுள்ள துகளின் குளூட்டன் டோஸ்டர் சூட்டில் அழியாது.