ஆயிரம் டாலரைத் தாண்டிய ஃபோன்: கூடுதல் காசு எங்கே போகிறது?

2016-ல் ஐஃபோன் 7 வந்தபோது தொடக்க விலை 649 டாலர். அடுத்த வருடமே ஐஃபோன் எக்ஸ் 999 டாலருக்கு வந்தது. 2020-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்20 அல்ட்ராவுக்கு 1,399 டாலர் கேட்டார்கள். இந்த விலைகளை வைத்துப் பார்த்தால் நான்கே வருடத்தில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு உச்சி அதிகம் நகரவில்லை. 2025-இல் வந்த எஸ்25 அல்ட்ரா 1,299 டாலர்தான். இப்போது விலை ஏறுவது அடியிலிருந்து. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான மெமரிக்கே தொழிற்சாலைகள் முன்னுரிமை தருவதால், 2025 கடைசியிலிருந்து ரேம், ஸ்டோரேஜ் சிப்புகளின் விலை வேகமாக ஏறிவிட்டது. மலிவான ஃபோனின் தயாரிப்புச் செலவில் மெமரியின் பங்கு பெரிது என்பதால் அடி அங்கேதான் பலமாக விழுகிறது.

இந்த நிலையில் பிரீமியம் ஃபோனுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு எதற்கு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். ஒப்பிட வசதியாக 2025-இன் இரண்டு ஃபோன்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று சாம்சங் எஸ்25 அல்ட்ரா, 256 ஜிபி, 1,299 டாலர். மற்றது கூகுள் பிக்சல் 9ஏ, 128 ஜிபி, 499 டாலர். இரண்டுக்கும் 7 வருட ஆண்ட்ராய்டு அப்டேட் உறுதி. இரண்டுக்கும் தண்ணீர், தூசித் தடுப்பில் ஐபி68 தரம், இரண்டிலும் 120 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி திரை. வித்தியாசம் 800 டாலர்.

அந்த 800 டாலரில் பெரும்பங்கு தெரிவது கேமராவில். அல்ட்ராவின் பிரதான சென்சார் 1/1.3 அங்குலம், பிக்சலுடையது 1/2 அங்குலம். பரப்பில் கணக்கிட்டால் அல்ட்ராவுக்கு வெளிச்சம் விழும் இடம் இரண்டு மடங்குக்கும் மேல். பகல் வெளிச்சத்தில் எடுத்து ஃபோன் திரையிலேயே பார்க்கிற படத்தில் இந்த வித்தியாசம் பெரும்பாலோருக்குத் தெரியாது. மங்கலான அறையில் தெரியும். சிறிய சென்சார் போதிய வெளிச்சம் சேர்க்க ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும், அல்லது பல ஃபிரேம்களை அடுக்கிச் சேர்க்க வேண்டும். அசையாத பொருளுக்கு இரண்டுமே பலிக்கும். ஓடும் குழந்தையின் முகம் மட்டும் இழுபட்டுப் போகும். ஆனால் சென்சார் பெரிதாக இருந்துவிட்டால் போதாது, மென்பொருள் எந்த ஷட்டர் வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்பதும் சேர்ந்துதான் படம். மெதுவான ஷட்டரைத் தேர்ந்தெடுப்பது சாம்சங் மேல் பல வருடமாக இருக்கும் குறை. அசைவைப் பிடிப்பதில் பிக்சலின் மென்பொருள் சிறிய சென்சாரை வைத்துக்கொண்டே நன்றாக ஈடுகொடுக்கிறது.

அல்ட்ராவின் 200 மெகாபிக்சல் என்ற எண்ணுக்காகக் காசு கொடுக்காதீர்கள். சாதாரண நிலையில் அந்த சென்சார் 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. முழு 200 மெகாபிக்சலில் எடுத்தால் நல்ல வெயிலில் கொஞ்சம் கூடுதல் நுணுக்கம் கிடைக்கும்; ஃபைல் பல மடங்கு பெரிதாகும்; வெளிச்சம் குறைந்தால் இரைச்சல் புள்ளிகள்தான் மிஞ்சும்.

ஜூமில் போட்டியே இல்லை. அல்ட்ராவில் 3 மடங்குக்கு ஒரு லென்ஸ், 5 மடங்குக்கு 50 மெகாபிக்சலில் இன்னொரு லென்ஸ். 10 மடங்கு ஜூம் செய்தால் அந்த 50 மெகாபிக்சலின் நடுப்பகுதியை வெட்டி எடுக்கிறது. வெட்டிய பிறகும் 12 மெகாபிக்சல் அளவு உண்மையான புள்ளிகள் மிஞ்சும். பிக்சல் 9ஏ-இல் தொலைநோக்கு லென்ஸே கிடையாது. பிரதான கேமராவின் 48 மெகாபிக்சலை 10 மடங்குக்கு வெட்டினால் அரை மெகாபிக்சல்கூட மிஞ்சாது, மீதியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. மேடை, விளையாட்டுத் திடல், பறவைகள் என்று தூரத்தில் இருப்பதை அடிக்கடி எடுப்பவருக்கு இந்த ஒரு காரணமே அல்ட்ராவை நியாயப்படுத்தும். உங்கள் ஃபோன் கேலரியைத் திறந்து கடைசி ஆறு மாதப் படங்களில் 3 மடங்குக்கு மேல் ஜூம் செய்தவை எத்தனை என்று எண்ணுங்கள். ஒவ்வொரு படத்தின் விவரப் பக்கத்திலும் குவியதூரம் (மி.மீ. எண்) இருக்கும், பெரிய எண் என்றால் அதிக ஜூம். நூற்றில் இரண்டு மூன்றுதான் தேறுகிறது என்றால், அந்த லென்ஸுக்கான காசு உங்களுக்குச் செலவு மட்டும்தான்.

சிப் விஷயத்தில் விளம்பரம் சொல்வதை விட வித்தியாசம் குறைவு. வாட்ஸ்அப், மேப், பிரவுசர், வங்கிச் செயலிகள் இரண்டிலும் ஒரே மாதிரிதான் ஓடும். நீண்ட நேர கேமிங், 4கே வீடியோ எடிட்டிங் இரண்டிலும் அல்ட்ராவின் ஸ்னாப்டிராகன் 8 எலைட் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஆனால் விலை உயர்ந்த சிப் எல்லாம் நல்ல சிப் என்று நம்பிவிட வேண்டாம். 2022-இன் பிரீமியம் ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றில் இருந்த ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 அதிகச் சூட்டுக்குப் பெயர் பெற்றது. அதே வடிவமைப்பைச் சாம்சங் ஆலையிலிருந்து தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைக்கு மாற்றி 8 பிளஸ் ஜென் 1 என்று வெளியிட்ட பிறகுதான் சூடு அடங்கியது. பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கும்போது இந்த 'பிளஸ்' இருக்கிறதா என்று பாருங்கள்.

ரேமில்தான் மலிவு ஃபோனின் உண்மையான பலவீனம் ஒளிந்திருக்கிறது. பிக்சல் 9ஏ-இல் 8 ஜிபி. ஃபோனுக்குள்ளேயே ஓடும் ஏஐ மாடலுக்கு அதில் இடம் போதாமல், கூகுள் அதற்கென்று சுருக்கிய பதிப்பைத்தான் வைத்தது; அதே 9 வரிசையின் பெரிய பிக்சல்களில் உள்ள சில ஏஐ வசதிகள் இதில் இல்லை. 7 வருட அப்டேட் என்றால் 2032 வரை ஆண்ட்ராய்டு பதிப்புகள் வரும், ஆனால் அவற்றோடு வரும் எல்லா வசதிகளும் வரும் என்று அர்த்தமில்லை. அல்ட்ராவின் 12 ஜிபி இந்த விஷயத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது. ஏஐ வசதிகளைத் தொடுவதே இல்லை என்றால் 8 ஜிபி இன்றைக்குத் தாராளம்.

ஸ்டோரேஜ்: இரண்டிலும் மெமரி கார்டு போட இடமில்லை. 128 ஜிபியில் சிஸ்டமே ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும், மீதி இரண்டு வருடத்தில் படங்களாலும் வாட்ஸ்அப் வீடியோக்களாலும் நிரம்பும். ஃபிளாஷ் மெமரி பழைய தகவலைத் தொகுதி தொகுதியாக அழித்துத்தான் புதிதாக எழுதும். காலியான தொகுதி இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நகர்த்தி, அழித்து, எழுத வேண்டியிருக்கும். 'ஃபோன் ஸ்லோவாகிவிட்டது' என்று மாற்றப்படும் பல ஃபோன்களின் வியாதி இதுதான். பத்துப் பதினைந்து சதவீத இடத்தை எப்போதும் காலியாக விடுங்கள். மலிவு ஃபோனே வாங்கினாலும் 256 ஜிபியாக வாங்குங்கள். இதைவிட விலை குறைந்த ஃபோன்களைப் பார்க்கும்போது ஸ்டோரேஜ் வகை இஎம்எம்சி (eMMC) என்ற பழைய, மெதுவான வகையாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அடுத்த வகையான யுஎஃப்எஸ்-இல் (UFS) பழைய 2.2-கூட அதைவிட எவ்வளவோ மேல். அந்த ஃபோன்களில் வரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா எண்ணிக்கைக்காக ஒட்டப்பட்டது, அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

பேட்டரியில் பிரீமியம் ஃபோன் ஏமாற்றுகிறது, இதைச் சொல்லாமல் விட முடியாது. 2020-இன் எஸ்20 அல்ட்ராவில் 5,000 மில்லி ஆம்பியர் பேட்டரி, 45 வாட் சார்ஜிங். ஐந்து வருடம் கழித்து எஸ்25 அல்ட்ராவிலும் அதே 5,000, அதே 45. பிக்சல் 9ஏ-இல் 5,100. சீன நிறுவனங்கள் அதே இடத்தில் அதிக மின்சாரம் அடைக்கும் சிலிக்கான்-கார்பன் பேட்டரிக்கு மாறி, நடுத்தர விலை ஃபோன்களிலேயே 6,000, 7,000 என்று தருகின்றன. சிப்பும் திரையும் சிக்கனமானதால் அல்ட்ரா ஒரு நாள் தாங்குகிறது, அது உண்மை. ஆனால் 1,299 டாலருக்குப் பேட்டரி கொள்ளளவில் எந்த முன்னேற்றமும் இல்லை.

ஆயுளும் ஒரு கணக்கு. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புது மாடல்களில் 800 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் (மொத்தம் 100 சதவீதம் செலவழித்தால் ஒரு சுற்று) பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்பது சட்டம். தினமும் முக்கால் சுற்று ஓடினால் 800 சுற்று மூன்று வருடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆக 7 வருட அப்டேட்டை முழுக்க அனுபவிக்க நினைப்பவர் குறைந்தது ஒரு முறை, பெரும்பாலும் இரண்டு முறை பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை ஃபோன் விலையோடு இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள். பிக்சல் 9ஏ வாங்குபவர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: அதில் உள்ள பேட்டரி பாதுகாப்பு மென்பொருள் 200 சுற்றுகளில் தொடங்கி 1,000 வரை படிப்படியாக மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வரும். ஃபோன் தாங்கும் நேரம் மெல்லக் குறையும், இதை அணைத்து வைக்க வழியில்லை.

அதே ஐரோப்பிய விதிப்படி ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு லேபிள் உண்டு. பேட்டரி எத்தனை சுற்று தாங்கும் என்பது அதில் எண்ணாக இருக்கும்; கீழே விழுந்தால் எப்படித் தாங்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதெல்லாம் எழுத்துத் தரத்தோடு இருக்கும். எந்த நாட்டில் வாங்கினாலும், அங்கே விற்கும் அதே மாடலின் லேபிளைத் தேடிப் படித்துவிட்டு முடிவு செய்யலாம்.

திரை வெளிச்சத்தின் அளவான நிட்ஸ் எண்ணைப் பார்த்தால் பிக்சல் 2,700, அல்ட்ரா 2,600. கையில் எடுத்து வெயிலில் நின்றால் அல்ட்ராதான் தெளிவாகத் தெரியும். காரணம் அதன் கொரில்லா ஆர்மர் 2 கண்ணாடி, வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதை வெகுவாகக் குறைக்கிறது. இதற்காகக் காசு கொடுத்த பலர் முதல் நாளே அதன்மேல் சாதாரண டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய கண்ணாடியின் மேற்பரப்பு வழக்கம்போல் பளபளக்கும், அடியில் உள்ள பூச்சால் அதற்குமேல் பயனில்லை. ஒட்டியே ஆக வேண்டும் என்றால் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள ஷீட்டாகத் தேடுங்கள். பிக்சல் 9ஏ-இல் இருப்பது 2013-இல் வந்த கொரில்லா கிளாஸ் 3. அதற்கு ஷீட் ஒட்டுவதில் இழப்பு எதுவும் இல்லை, ஒட்டிவிடுங்கள்.

அல்ட்ராவைச் சுற்றியுள்ள டைட்டானியம் விளிம்புக்குத் தனியாக மதிப்பு போட வேண்டியதில்லை. ஐஃபோன் 15 புரோவில் அதைப் பெருமையாக அறிமுகப்படுத்திய ஆப்பிள், 2025-இன் 17 புரோவில் மீண்டும் அலுமினியத்துக்கே திரும்பியது. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் வெகு மேல். எஸ்25 அல்ட்ராவோடு வரும் எஸ் பென் பேனாவிலிருந்தும் ப்ளூடூத் எடுக்கப்பட்டுவிட்டது. தூரத்திலிருந்து பேனாவை அழுத்திப் படம் எடுக்க முடியாது, விலை மட்டும் முந்தைய வருட அல்ட்ராவின் விலையே.

வருடக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அல்ட்ராவை 7 வருடம் வைத்திருந்தால் வருடத்துக்கு 186 டாலர், பேட்டரிச் செலவு தனி. மூன்றே வருடத்தில் மாற்றினால் 433 டாலர். பழையதை விற்றால் இதில் ஒரு பகுதி திரும்பும். பிக்சலை நான்கு வருடம் வைத்திருந்தால் வருடத்துக்கு 125 டாலர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு, தூரப் படம் எடுக்கும் தேவையும் இல்லை என்றால், அல்ட்ரா தேவையில்லை.

தேவை இருக்கிறது, பட்ஜெட் இல்லை என்றால் ஒரு தலைமுறை முந்தைய அல்ட்ராதான் சரியான வழி. 2024-இன் எஸ்24 அல்ட்ராவிலும் இதே 200 மெகாபிக்சல் சென்சார், இதே 5 மடங்கு லென்ஸ், 7 வருட உறுதி. ஆனால் அந்த ஏழு வருடம் ஃபோன் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. சிப்பையும் பாருங்கள்: எஸ்24, எஸ்24 பிளஸ் பல நாடுகளில் சாம்சங்கின் சொந்தச் சிப்பான எக்ஸினோஸுடன் விற்றன, எஸ்24 அல்ட்ரா எங்கும் ஸ்னாப்டிராகன்தான். வேறு நாட்டுக்காகத் தயாரித்த ஃபோன் என்றால் மாடல் எண்ணின் கடைசி எழுத்து மாறும், அலைவரிசைகளும் மாறலாம். உங்கள் நெட்வொர்க் பயன்படுத்தும் அலைவரிசைகள் (பேண்டுகள்) அதில் உண்டா என்று சரிபார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பயன்படுத்திய ஃபோன் என்றால் முதலில் சார்ஜ் சுற்று எண்ணிக்கை. ஐஃபோன் 15 முதல் பேட்டரி ஹெல்த் பக்கத்திலேயே சுற்றும், முதலில் பயன்படுத்திய மாதமும் இருக்கும். அடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து வெறும் சாம்பல் நிறப் படத்தைத் திரை முழுக்கத் திறந்து பாருங்கள். பச்சைக் கோடோ, கீபோர்டின் நிழலோ தெரிந்தால் அந்தத் திரை மாற்ற வேண்டிய திரை. பிரீமியம் ஃபோனில் அந்தச் செலவு தள்ளுபடியையே விழுங்கிவிடும். ஐபி68 என்ற எண்ணையும் பழைய ஃபோனில் நம்பாதீர்கள். ஒருமுறை திறந்து ஒட்டினாலே தண்ணீர்த் தடுப்புப் பசை பழைய நிலைக்கு வராமல் போகலாம்.

புதியதோ பழையதோ, திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். 4கே-யில் இருபது நிமிடம் தொடர்ந்து வீடியோ எடுங்கள். நடுவில் சூட்டு எச்சரிக்கை வந்து நின்றால் கோடையில் வெளியில் இதே கதைதான். பிறகு பழைய ஃபோனில் சிக்னல் தட்டுப்படும் அதே மூலையில் அதே சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். சிக்னலைப் பிடிக்கும் மோடம் எப்படி என்பது பெட்டியின் மேல் எழுதியிருக்காது, அந்த மூலையில் தெரிந்துவிடும்.