தமிழில் திரைக்கதை எழுத ஃபவுண்டன் தேறுமா?

முதல் திரைக்கதையை எழுத உட்காருகிறவர், பெயரை நடுவில் தள்ளவும் வசனத்தை உள்ளே இழுக்கவுமே பாதி நேரத்தைத் தொலைப்பார். அதற்கு மருந்து ஃபவுண்டன். இது மென்பொருள் அல்ல, எழுதும் முறை. ஹாலிவுட்காரர்களான ஜான் ஆகஸ்ட், ஸ்டூ மாஷ்விட்ஸ் முன்னின்று 2012-இல் வெளியிட்டது. வெறும் எழுத்துக் கோப்புதான்; அதைப் படிக்கும் செயலி பெயரையும் வசனத்தையும் தானே உரிய இடத்தில் வைத்துவிடும். எழுத நோட்பேட் போதும், போனிலும் ஓடும், காசு கிடையாது.

ஆனால் இது ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. வரி முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் அது கதாபாத்திரத்தின் பெயர் என்பது விதி. தமிழில் பெரிய எழுத்து ஏது? அதனால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் @ போட்டாக வேண்டும்: @முருகன். மேலே ஒரு வெற்று வரி வேண்டும். பெயருக்கும் வசனத்துக்கும் நடுவே வெற்று வரி கூடாது. 'காட்சி 12, பகல், டீக்கடை வாசல்' என்ற தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் அதுவும் சாதாரண விவரிப்பாகப் போய்விடும்.

பலரும் தடுமாறுவது இன்னொரு இடத்தில். 'சிற்றெழுத்து இல்லை' என்பதை மட்டும் பார்க்கிற செயலிக்குத் தமிழ் வரி எல்லாமே பெயராகத் தெரியும். இரண்டு விவரிப்பு வரிகளை ஒட்டி எழுதினால் முதல் வரி பெயராகவும் இரண்டாவது வசனமாகவும் மாறி நிற்கும். விவரிப்பு வரியின் தொடக்கத்தில் ! போட்டால் சரியாகிவிடும்.

நம் ஊர் எழுத்துக்கு உதவும் குறிகளும் உண்டு. பாட்டு வரிக்கு முன்னால் ~ போடலாம். # போட்டு 'இடைவேளை' என்று பிரித்துக்கொள்ளலாம்; அது அச்சில் வராது. ஒவ்வொரு காட்சித் தலைப்புக்கும் கீழே = போட்டு ஒரு வரிச் சுருக்கம் எழுதி வந்தால், அந்த வரிகளை மட்டும் திரட்டி ஒன்லைன் (காட்சிவாரிச் சுருக்கப் பட்டியல்) தயாரித்துவிடலாம். இந்த வசதிக்காகவே பழகலாம்.

பிடிஎஃப் எடுக்கும்போதுதான் கழுத்தறுப்பு. கூரியர் எழுத்துருவில் தமிழ் இல்லை. சில செயலிகளில் கட்டம் கட்டமாக வரும். சிலவற்றில் 'கொ' எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்துகளைக் கோக்கும் வேலையை அந்தச் செயலி செய்யாததுதான் காரணம். உலாவியில் ஓடும் ஃபவுண்டன் செயலியில் திறந்து அங்கிருந்து அச்சிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இல்லையென்றால் கோப்பை ஸ்க்ரைட்டில் இறக்குமதி செய்யுங்கள். அது இந்திய மொழிகளை மனதில் வைத்தே செய்த மென்பொருள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வரைவு எதிலும் வேலைக்கு ஆகாது, அடியில் இருப்பது ஆங்கில எழுத்து. முதலில் யுனிகோடுக்கு மாற்றி, யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கையும் நம்ப வேண்டாம். அது 12 புள்ளி கூரியரில் வரும் ஆங்கிலத்துக்கானது. தமிழ்ச் சொற்கள் நீளம், எழுத்துகளின் அகலமும் ஒன்றுபோல் இராது. கையில் கடிகாரத்தோடு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே நம்பகமானது.

இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்ற சீன் பேப்பர் அமைப்பு ஃபவுண்டனில் கிடையாது. இயக்குநர் அப்படித்தான் கேட்பார் என்றால், கடைசி வரைவை வேர்டில் இரண்டு நெடுவரிசை அட்டவணைக்குக் கையால்தான் மாற்ற வேண்டும்.