யூரியைக் கைவிட்ட மூன்று அத்தியாயங்கள்: ஸ்பைடர்மேன் கூடுதல் கதைகள், மூன்று முறை விளையாடிய பிறகு

2018 ஒக்டோபரில் ரொறன்ரோவிலிருந்து வந்த அண்ணா, பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்துத் தந்தது பிளேஸ்டேஷன் 4க்கான 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்' டிஸ்க். கேம் வெளிவந்து அப்போது ஒரு மாதம்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு முன் அறையில் வேலை முடிந்து வந்த ஒவ்வொரு இரவும் விளையாடி மூன்று கிழமையில் முடித்தேன். ஒரே ஒரு குப்பி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னை வளர்த்த மே அன்ரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பீற்றர், அதாவது ஸ்பைடர்மேன், தடுமாறி நிற்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால்தான் கூடுதல் கதைகள் வருகின்றன என்றதும் யோசிக்காமல் வாங்கினேன்.

வாங்குவதும் இங்கே லேசான வேலை இல்லை. டிஸ்க் எந்த நாட்டுப் பகுதிக்கு உரியதோ, அதே பகுதிக் கணக்கில் வாங்கிய கூடுதல் கதைதான் அதோடு சேர்ந்து வேலை செய்யும். கனடா டிஸ்க் என்றால் அமெரிக்கக் கணக்கு சரி. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் டிஸ்கை நம்பி வாங்குபவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அத்தியாயமும் அப்போது 9.99 அமெரிக்க டொலர், மூன்றும் சேர்த்து 24.99. டொலர் அப்போது 180 ரூபாயை நெருங்கிக்கொண்டிருந்தது, ஆக கிட்டத்தட்ட 4,500 ரூபாய். இரவு பன்னிரண்டுக்குப் பிறகுதான் எனக்கு டேட்டா தாராளமாகக் கிடைக்கும், ஆகவே டவுன்லோட் போட்டுவிட்டுப் படுத்தேன்.

இனி கதையைச் சொல்லாமல் குறையைச் சொல்ல முடியாது. விளையாடாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் 'த சிட்டி தட் நெவர் ஸ்லீப்ஸ்'. முதல் அத்தியாயம் 'த ஹைஸ்ட்' ஒக்டோபர் 23, அடுத்தது 'டேர்ஃப் வோர்ஸ்' நவம்பர் 20, கடைசியாக 'சில்வர் லைனிங்' டிசம்பர் 21. மூன்றும் ஒரே கதை. ஹேமர்ஹெட் என்ற இரும்பு மண்டைத் தாதா நகரத்துக் குற்றக் குடும்பங்களைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்க்கிறான்.

முதல் அத்தியாயம் எனக்கு உண்மையாகவே பிடித்தது. பீற்றரின் பழைய காதலி ஃபெலிஷியா, அதாவது பிளாக் கேட் என்ற திருடி, திரும்பி வருகிறாள். தனக்கு ஒரு மகன் இருக்கிறான், அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்கிறாள். பிள்ளை தன்னுடையதோ என்று பீற்றர் மனதுக்குள் படும் பாடு அவனுடைய குரலிலேயே தெரியும். களவு போன ஓவியங்களைத் தேடித் தரச் சொல்லும் வயதான பொலிஸ்காரர் யார் என்று தெரியவரும் இடமும் நன்றாக இருக்கும். ஆனால் கதை சூடு பிடித்த நேரத்தில் ஒரு வெடிப்போடு முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை பின்னேரம் தொடங்கியவன் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன்.

சரி, தொடர்கதை என்றால் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உண்மையான ஏமாற்றம் இரண்டாவதில் தொடங்கியது.

யூரி வட்டனாபேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பொலிஸ் கப்டன். முதன்மைக் கேம் முழுக்க மன்ஹட்டன் கட்டடங்களுக்கு மேலால் ஊஞ்சலாடிப் போகும்போது நம் காதில் கேட்கும் குரல் அவருடையது. பீற்றர் 'ஸ்பைடர் கொப்' என்று குரலை மாற்றிப் பேசி அவரை வெறுப்பேற்றுவான், அவர் எரிச்சல்படுவார், எனக்கு அதைக் கேட்டால் வீட்டில் அக்காவும் நானும் சண்டை பிடிப்பது போல இருக்கும். அப்படிப்பட்டவரின் ஆட்களை ஹேமர்ஹெட் பொறி வைத்துக் கொல்கிறான். யூரி உடைந்து போகிறார். சட்டத்தை நம்பி வாழ்ந்த ஒருவர் சட்டத்தை விட்டு விலகிப் போகும் கதை இது. இதை எழுதத் தெரிந்தவர்கள்தான் மே அன்ரியின் கட்டிலடிக் காட்சியையும் எழுதினார்கள்.

ஆனால் நமக்கு விளையாடக் கிடைப்பது என்ன? ஹேமர்ஹெட்டின் ஆட்கள் நிற்கும் இடத்துக்குப் போய் அலை அலையாக வருபவர்களை அடிப்பது. ஒரு இடம் முடிந்தால் அதே மாதிரி இன்னொன்று. கவசம் பிடித்தவன், பெரிய துப்பாக்கி தூக்கியவன், பிறகும் கவசம் பிடித்தவன். யூரியின் துயரம் இரண்டு சண்டைக்கு நடுவே சின்னச் சின்னக் காட்சிகளாக வந்து போகிறது. அவர் ஹேமர்ஹெட்டைச் சுடும் அந்தக் கணத்துக்கு முன்னால் அவரோடு கூட இருக்க நமக்கு நேரமே தரவில்லை. ஒரு மனிதர் மாறுகிறார் என்றால், மாறிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டாமா?

மூன்றாவதில் இன்னும் மோசம். கூலிப்படைத் தலைவி சில்வர் சேபிள் தன் ஆயுதங்களை மீட்கத் திரும்பி வருகிறாள், ஹேமர்ஹெட் பாதி இயந்திரமாக வருகிறான், சண்டை நீள்கிறது. யூரியின் முடிவு மட்டும் பக்க வேலைகளுக்குள் ஒளிந்து கிடக்கிறது. முதன்மைக் கதையை மட்டும் விளையாடிவிட்டு மூடி வைப்பவருக்கு அவருக்கு என்ன ஆனது என்பதே சரியாகப் புரியாது. பொலிஸ் வேலையை உதறிவிட்டுப் போகிறார். அதைக் குரலில் மட்டும் கேட்டபோது, இருட்டில் கொன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். முழுக்கதையிலும் ஆழமான இடம் அதுதான். அதற்குப் போய் இவ்வளவு கஞ்சத்தனமா?

இணையத்தில் நேரலை நடத்தும் ஸ்க்ரூபோல் என்றொரு பெண் வைக்கும் சவால்களும் உண்டு. முதன்மைக் கேமில் ஒரு தடவை சந்தித்தது போதும் என்றிருந்த பாத்திரம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் திரும்பத் திரும்ப வருகிறாள். யூரிக்குக் கொடுத்திருக்க வேண்டிய நேரம் அது.

புதிய உடைகள் அழகு. அனிமேஷன் படத்து ஸ்பைடர்மேன் உடையைப் போட்டுக்கொண்டு பறப்பதற்காகவே பலநாள் உள்ளே போயிருக்கிறேன். ஆனால் அவற்றோடு புதிய சக்தி எதுவும் வருவதில்லை, நகரமும் அதே நகரம்.

2023இல் இரண்டாம் கேம் வந்தபோது மூன்றையும் மறுபடி விளையாடினேன். அதில் யூரி 'ரைத்' என்ற பெயரில் முகமூடி போட்டுத் திரும்பி வருகிறார், அங்கும் பக்கக் கதையில்தான். ஆனாலும் அவர் ஏன் அப்படி ஆனார் என்பதற்கு இந்த மூன்று அத்தியாயங்கள்தான் அடிப்படை. அந்த வகையில் இரண்டாவது அத்தியாயத்தின் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. மூன்றாவதன் மேல் தணியவில்லை.

மூன்றாவது முறை விளையாடியது நானில்லை, அக்காவின் மகன். ஓகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்தான், வயது பதின்மூன்று. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கடைசிச் சண்டை முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் திரும்பி, "மாமா, அந்தப் பொலிஸ் அக்கா எங்க போனவ?" என்று கேட்டான். பக்க வேலைகளை அவன் தொடவே இல்லை. வரைபடத்தைத் திறந்து அந்த இடங்களைக் காட்டினேன். இரண்டைச் செய்தான், பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள், அதோடு சரி.

இப்போது வாங்குபவர்களுக்குத் தனிச்செலவு இல்லை. பிளேஸ்டேஷன் 5க்கு 2020இலும் கணினிக்கு 2022இலும் வந்த மறுசீரமைப்புப் பதிப்பில் மூன்றும் கூடவே வருகின்றன. அதில் விளையாடுகிறீர்கள் என்றால் முதல் அத்தியாயத்தை நிதானமாக விளையாடுங்கள். இரண்டாவதில் ஹேமர்ஹெட்டின் இடங்களை எல்லாம் துடைக்க மினக்கெட வேண்டாம், கதைக்குத் தேவையானது போதும். மூன்றாவதைத் திறந்ததும் கடைசிச் சண்டையை நோக்கி ஓடாமல் யூரியின் இடங்களுக்கு முதலில் போங்கள்.