வீட்டு இன்சூரன்ஸ் ரினியூவல்: போன வருடத் தொகையோடு ஒப்பிடுவதா, பக்கத்து வீட்டோடு ஒப்பிடுவதா?

ரினியூவல் கடிதம் வந்ததும் ஆஸ்திரேலியாவில் நம்மில் பலர் செய்வது ஒரே காரியம்தான். தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, "உங்க சபர்ப்பில் எவ்வளவு வருது?" என்று கேட்போம். ஒருவர் 1,900 டாலர் என்பார், இன்னொருவர் 3,400 என்பார். போனை வைக்கும்போது குழப்பம் இரட்டிப்பாகியிருக்கும். நானும் பல வருடங்கள் அப்படிக் கேட்டவன்தான்.

தொகை நியாயமா என்று பார்க்க சாதாரணமாக நான்கு வழிகள் இருக்கின்றன. போன வருடத் தொகையோடு ஒப்பிடலாம், அக்கம்பக்கத்தோடு ஒப்பிடலாம், ஒப்பீட்டு இணையதளத்தில் பார்க்கலாம், நாமே நான்கு நிறுவனங்களிடம் கோட், அதாவது அவர்கள் சொல்லும் விலை, வாங்கலாம். நான்கையும் செய்து பார்த்தேன். கடைசி வழியைத்தான் நம்புகிறேன். அதற்கு ஒரு மாலை நேரம் முழுதாகப் போகும், அது உண்மை. மற்ற மூன்றும் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்றும் சொல்கிறேன்.

போன வருடத் தொகை

கையிலேயே இருக்கும் எண் இது. ஆனால் எவ்வளவு ஏறியது என்பதை மட்டுமே காட்டும். போன வருடத் தொகையே அதிகமாக இருந்திருந்தால், இந்த வருடம் 5 சதவீதம் மட்டும் ஏறினாலும் அது நல்ல விலை ஆகிவிடாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். காப்பீட்டுத் தொகையை, அதாவது வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் தொகையை, நிறுவனங்கள் பெரும்பாலும் வருடா வருடம் தாமாகவே கொஞ்சம் உயர்த்துகின்றன. 6 லட்சம் டாலராக இருந்தது 6 லட்சத்து 40 ஆயிரம் ஆகியிருந்தால், பிரீமிய உயர்வில் ஒரு பங்கு அதற்கானது. மீதி உயர்வுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். 2022 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் லிஸ்மோர், பிரிஸ்பேன் முதல் சிட்னி வரை வந்த வெள்ளத்துக்கு மட்டும் கிளெய்ம் 600 கோடி டாலரைத் தாண்டியது. அந்த அளவு அடி விழுந்தால், இன்சூரன்ஸ் நிறுவனங்களே தங்களுக்கு வாங்கும் மறுகாப்பீட்டின் விலை ஏறும். அது வெள்ளமே காணாத மேட்டு வீட்டுக்காரரின் பில்லிலும் வந்து உட்காரும்.

பக்கத்து வீடும் சபர்ப் சராசரியும்

நாம் அதிகம் நம்புவதும் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான்.

முதலில், நிறுவனங்கள் சபர்ப்பை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. ஆஸ்திரேலிய இன்சூரன்ஸ் கவுன்சில் 2008-இல் தேசிய வெள்ளத் தகவல் தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. அதில் ஒவ்வொரு முகவரிக்கும் வெள்ள அபாயம் குறிக்கப்படுகிறது. பெரிய நிறுவனங்கள் அதோடு சொந்தக் கணக்குகளையும் சேர்த்துக்கொள்கின்றன. சிட்னியில் டூங்காபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடைக்கரைத் தாழ்வில் ஒரு வீடும் அதே சபர்ப்பில் மேட்டுத் தெருவில் இன்னொரு வீடும் இருந்தால், அஞ்சல் குறியீடு ஒன்றாக இருந்தாலும் அபாயம் ஒன்றல்ல. ஹாக்ஸ்பரி ஆற்றோரம் வின்ட்சரில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2021 மார்ச், 2022 மார்ச், 2022 ஜூலை என்று பதினாறு மாதங்களுக்குள் அந்தப் பள்ளத்தாக்கில் திரும்பத் திரும்ப வெள்ளம் வந்தது. அப்படி ஒரு சபர்ப்பின் சராசரி என்பது, மேட்டிலிருப்பவர் பார்த்தால் அதிகமாகவும் ஆற்றோரம் இருப்பவர் பார்த்தால் குறைவாகவும் தெரியும். யாருடைய வீட்டுக்கும் அது பொருந்தாது.

காட்டுத் தீயும் அப்படித்தான். புளூ மவுன்டன்ஸ் பக்கம் காட்டை ஒட்டிய கடைசி வீட்டுக்கும் ஐந்து தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கும் ஒரே விலை வராது.

அப்புறம் வரி. நியூ சவுத் வேல்ஸின் குவீன்பியனும் தலைநகர் கான்பெராவும் ஒட்டியே இருக்கின்றன. அடிப்படை பிரீமியம் இரண்டிலும் 1,000 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். கான்பெராவில் இன்சூரன்ஸ் மீதான முத்திரைத் தீர்வையை 2016-இல் முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். 10 சதவீத ஜிஎஸ்டி மட்டும் சேர்ந்து 1,100 ஆகும். குவீன்பியனில் ஜிஎஸ்டி சேர்ந்த தொகையின் மேல் 9 சதவீத முத்திரைத் தீர்வை வந்து 1,199 ஆகிவிடும். இதற்கு முன்பாகவே, நியூ சவுத் வேல்ஸில் தீயணைப்பு முதலிய அவசரச் சேவைகளுக்கான லெவி என்ற கட்டணமும் அடிப்படை பிரீமியத்தோடு சேரும். அதற்கும் ஜிஎஸ்டி, தீர்வை எல்லாம் உண்டு. விக்டோரியா 2013-இல் இந்த லெவியை இன்சூரன்ஸிலிருந்து எடுத்து, சொத்து வரியோடு சேர்த்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸும் நீக்கப்போவதாக 2023-இல் அறிவித்தது. அதனால் மெல்போர்னிலிருக்கும் தம்பி "எனக்கு இவ்வளவுதான் வருது" என்று சொன்னால், அதை சிட்னி பில்லோடு ஒப்பிடாதீர்கள். வரிக்கு முந்தைய தொகையைக் கேளுங்கள். அது பில்லிலேயே தனியாக இருக்கும்.

எங்கள் தெருவிலேயே நடந்தது இது. நான்கு வீடு தள்ளி இருக்கும் நண்பர் என்னைவிட 700 டாலர் குறைவாகக் கட்டுகிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இருவரும் பாலிசிகளை மேசையில் விரித்து உட்கார்ந்தோம். அவருடைய காப்பீட்டுத் தொகை என்னுடையதைவிட ஒன்றரை லட்சம் குறைவு. அவருடைய எக்ஸஸ், அதாவது கிளெய்ம் போடும்போது நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு, 2,000, என்னுடையது 750. மூன்றாவதாக, அவருடைய பாலிசியில் வெள்ளம் நீக்கப்பட்டிருந்தது. பல வருடங்களுக்கு முன்பு இணையத்தில் வாங்கியபோது ஒரு பெட்டியில் டிக்கை எடுத்திருக்கிறார். அது அவருக்கு நினைவே இல்லை. அன்றே இருவரும் ஒரே விவரங்களைப் போட்டு கோட் எடுத்துப் பார்த்தோம். வித்தியாசம் 90 டாலருக்குள் வந்துவிட்டது. இரண்டு சின்னக் குழந்தைகளோடு, வெள்ளத்துக்குக் காப்பீடே இல்லாத வீட்டில் இருந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியதை மறக்க முடியவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

வெள்ளம் என்பதற்கு 2012 முதல் ஒரே சட்ட விளக்கம் இருக்கிறது. ஆறு, ஓடை, ஏரி, அணை, கால்வாய் போன்றவற்றிலிருந்து வெளியேறி வழக்கமாக உலர்ந்திருக்கும் நிலத்தை மூடும் நீர்தான் வெள்ளம். மழை கொட்டி அந்த ஓட்டத்தில் நேராக வீட்டுக்குள் வரும் தண்ணீர் பொதுவாகப் புயல்மழைக் கணக்கில் வரும். 2011 பிரிஸ்பேன் வெள்ளத்தில் இந்த வேறுபாடு தெரியாமல் பலர் கையைப் பிசைந்துகொண்டு நின்ற பிறகுதான் அந்த விளக்கம் வந்தது. மலிவான கோட் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

ஒப்பீட்டு இணையதளம்

கார் இன்சூரன்ஸுக்கு ஓரளவு உதவும். வீட்டுக்கு அவ்வளவாக இல்லை. சந்தையில் பெரிய பங்கு வைத்திருக்கும் பெயர்கள் பல அங்கே இருப்பதில்லை. முதல் பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம், முடிவுக்குப் போதாது.

நாமே வாங்கும் கோட்கள்

நான்கு நிறுவனங்களிடம் கேட்கும்போது, அவை உண்மையிலேயே நான்கா என்று பாருங்கள். ஏஏஎம்ஐ, ஜிஐஓ, ஏப்பியா மூன்றும் சன்கார்ப் குழுமத்தைச் சேர்ந்தவை. என்ஆர்எம்ஏ, சிஜியூ இரண்டும் ஐஏஜி குழுமம். ஒரே குழுமத்துக்குள்ளும் விலை மாறும். ஆனாலும் அபாயத்தை வேறு கண்ணால் பார்க்கும் ஒருவர் வேண்டுமென்றால் குழுமத்தை மாற்றித்தான் கேட்க வேண்டும். பாலிசியின் அடியில் சின்ன எழுத்தில் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

எல்லாவற்றிலும் ஒரே காப்பீட்டுத் தொகை, ஒரே எக்ஸஸ், வெள்ளம் சேர்த்தோ சேர்க்காமலோ ஒரே மாதிரி, ஒரே தொடக்க நாள். பில்டிங் மட்டுமா, வீட்டுப் பொருட்களும் சேர்த்தா என்பதும் ஒன்றாக இருக்கட்டும். காப்பீட்டுத் தொகையாக வீட்டின் சந்தை விலையைப் போடாதீர்கள். நிலம் எரிந்து போகாது. இடிபாடுகளை அகற்றி, இன்றைய கட்டட விதிப்படி திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதே கணக்கு.

நான்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து, உங்கள் ரினியூவலும் அங்கேயே இருந்தால், வலித்தாலும் அதுதான் உங்கள் முகவரிக்கான விலை. ரினியூவல் மட்டும் தனியாக உயர்ந்து நின்றால் அவர்களையே கூப்பிட்டுச் சொல்லுங்கள். குறைத்துக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். குறைக்காவிட்டால் மாறிவிடுங்கள். நான்கும் தாறுமாறாக, ஒன்று 2,000, இன்னொன்று 6,000 என்று வந்தால், உங்கள் முகவரியின் அபாயத்தில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்று கொள்ளலாம். அப்போது மாநகர சபையின் வெள்ள ஆய்வை எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தளம் வெள்ள மட்டத்துக்கு மேலே இருப்பதாக சர்வேயர் அளந்து கொடுத்த தாள் இருந்தால் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அதை வைத்துத் திருப்பிக் கணக்கிடச் சொல்ல உங்களுக்கு இடமுண்டு.

அபாயம் குறைந்தால் விலை குறையும் என்பதற்கு குவீன்ஸ்லாந்தின் ரோமா நல்ல சாட்சி. அடுத்தடுத்த வெள்ளங்களுக்குப் பிறகு 2012-இல் சன்கார்ப் அந்த ஊரில் புதிய பாலிசி கொடுப்பதையே நிறுத்தியது. கரை கட்டிய பிறகு திரும்பி வந்தது, பிரீமியமும் நன்றாகவே இறங்கியது. தெருவுக்குக் கரை கட்டச் சொல்லி மாநகர சபையை நெருக்குவதும் ஒரு வகையில் பிரீமியப் பேரம்தான்.

எக்ஸஸை உயர்த்தினால் எவ்வளவு மிச்சம் என்றும் போட்டுப் பாருங்கள். 500-ஐ 2,000 ஆக்கியதில் வருடம் 240 டாலர் குறைகிறது என்றால், கூடுதல் 1,500-ஐ மீட்க ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதைவிட அடிக்கடி கிளெய்ம் போடாதவருக்கு அது லாபம், ஆனால் அந்த 2,000 அவசரத்துக்குக் கையில் இருக்க வேண்டும்.

விலை அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக நிதிப் புகார் ஆணையமான ஆஃப்காவிடம் போனால் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தவறான விவரத்தின் மேல் விலை போட்டிருந்தால் கேட்கலாம். கட்டிய வருடம், கூரை, சுவர் இவை சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று கடிதத்தின் விவரப் பக்கத்தில் பாருங்கள்.

மாறுவது என்று முடிவு செய்தால் பழைய பாலிசியை முந்திக்கொண்டு ரத்து செய்யாதீர்கள். பல புதிய பாலிசிகள் முதல் 72 மணி நேரத்துக்கு வெள்ளம், காட்டுத் தீ, சூறாவளி ஆகியவற்றுக்குப் பணம் தராது. பழையது முடியும் அதே நேரத்தில் புதியது இடைவெளியின்றித் தொடங்கினால் பெரும்பாலும் அந்தத் தடை இருக்காது. அந்த நேரத்தை போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு, மின்னஞ்சலிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.