சோலார் டிரையர்: தெர்மாமீட்டரைக் காட்டி விற்பார்கள், ஃபேனைப் பார்த்து வாங்குங்கள்

காய், பழம், மூலிகை உலர்த்தி விற்கும் சிறு தொழிலுக்கு சோலார் டிரையர் பார்க்கப் போனால், விற்பவர் முதலில் காட்டுவது பெட்டிக்குள் தொங்கும் தெர்மாமீட்டரை. முள் 70 டிகிரியைத் தொட்டு நிற்கும். பார்ப்பவர் மனம் அங்கேயே பாதி விழுந்துவிடும். ஆனால் காலியாக மூடி வைத்த எந்தக் கறுப்புப் பெட்டியும் நல்ல வெயிலில் அந்தச் சூட்டை எட்டிவிடும். நறுக்கிய தக்காளியிலிருந்து ஈரத்தை வாங்கி வெளியே கொண்டுபோவது காற்று; காற்றின் ஈரம் வாங்கும் திறனைக் கூட்டுவது மட்டுமே சூட்டின் வேலை. ஆகவே சந்தையில் கிடைக்கும் மூன்று வகை உலர்த்திகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் இங்கே எடைபோடுகிறோம்: ஒரு நாளில் எத்தனை கிலோ தண்ணீரை வெளியேற்றும்?

கணக்கு கடினமில்லை. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் சுமார் 24 சதவீதமாக இறங்கும். அந்தக் காற்று தட்டுகளின் மேல் ஓடி, 40 டிகிரிக்குக் குளிர்ந்து வெளியேறும்போது கன மீட்டருக்கு 4 முதல் 5 கிராம் தண்ணீரை எடுத்துச் செல்லும். அப்படியானால் ஒரு கிலோ தண்ணீர் போக 200 முதல் 250 கன மீட்டர் காற்று ஓடியாக வேண்டும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி விளம்பரங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

100 கிலோ தக்காளியில் 94 கிலோ தண்ணீர், 6 கிலோ திடப்பொருள். 15 சதவீத ஈரம் வரை உலர்த்தினால் கைக்கு வருவது 7 கிலோ. போகவேண்டியது 93 கிலோ. மாம்பழத்தில் 80 கிலோ போகும், பழுத்த மிளகாயில் 70 கிலோவுக்குச் சற்று மேல். “100 கிலோ கொள்ளளவு” என்று அட்டையில் போட்டிருப்பது தட்டில் பரப்பக்கூடிய அளவு. எத்தனை நாளில் காயும் என்பது அதில் இல்லை, அதைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

முதல் வகை, அலமாரிப் பெட்டி. மேலே கண்ணாடி அல்லது பாலிகார்பனேட், உள்ளே நான்கைந்து தட்டுகள், பின்பக்கம் கணினியில் போடுவது போன்ற 120 மி.மீ. ஃபேன். அந்த ஃபேன் தடையில்லாத இடத்தில் மணிக்கு 100 கன மீட்டரைச் சுற்றித் தள்ளும். வலை, தட்டு, பண்டம் எல்லாம் குறுக்கே வந்தபின் பாதி தேறினால் பெரிது. 60 கன மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் 7 மணி நேரத்தில் 420 கன மீட்டர், இரண்டு கிலோ தண்ணீர். வீட்டுக்குக் கீரையும் கறிவேப்பிலையும் காயவைக்க அது போதும். தொழிலுக்குப் போதாது. இதில் மேல்தட்டு கருகும், அடித்தட்டு புளிக்கும். தட்டுகளை இரண்டு மணிக்கொருமுறை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபேனே இல்லாமல் புகைபோக்கியை மட்டும் நம்பும் பெட்டிகளில் காற்று இன்னும் மெதுவாகத்தான் நகரும். அவற்றைத் தொழிலுக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

இரண்டாவது, டனல் உலர்த்தி. 1980களில் ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் உருவான வடிவம் இது. இன்று விற்கப்படும் டனல்களில் பலவும் அதன் வழிவந்தவை. ஏறக்குறைய 2 மீட்டர் அகலம், 18 மீட்டர் நீளம். முன்பாதி காற்றைச் சூடாக்கும் கறுப்புத் தளம், பின்பாதி பண்டம் பரப்பும் தளம், நுழைவாயிலில் சோலார் பேனலில் ஓடும் சிறு ஃபேன்கள். ஒற்றை அடுக்காகப் பரப்புவதால் எல்லாத் துண்டுகளுக்கும் காற்று படும், தட்டு மாற்றும் வேலை இல்லை. 6 மி.மீ. தடிமனில் நறுக்கிய தக்காளியைச் சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோ பரப்பலாம். பின்பாதியில் 80 கிலோ வரை கொள்ளும். மணிக்கு 900 கன மீட்டர் காற்று ஓடினால் தெளிந்த வெயிலில் மூன்று நாளில் எடுத்துவிடலாம். ஒரு குடும்பமோ சிறு குழுவோ தொழிலாகச் செய்ய மூன்றில் இதுதான் சரியான வாங்கல் என்பது எங்கள் முடிவு.

மூன்றாவது, ஆள் உள்ளே நடக்கும் அளவுள்ள பாலிகார்பனேட் கூடாரம். தாய்லாந்தின் சில்பகோர்ன் பல்கலைக்கழகத்தார் வளைகூரையும் கான்கிரீட் தரையுமாக வடிவமைத்தது பரவலாக அறியப்பட்டது. அதன் பெரிய அளவு 8 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் உயரம். ஒரே தடவையில் சுமார் 1,000 கிலோ பழம் ஏற்றலாம். அறுவடை குவியும் கூட்டுறவு அமைப்புகளுக்கு இது பொருந்தும். தனியாள் வாங்கினால் முக்கால்வாசி நாள் காலியாகக் கிடக்கும். நடுவில் ஈரக்காற்று தேங்குவது இதன் நிரந்தரக் குறை. ஃபேன்கள் எல்லாம் ஒரே சுவரில் இருந்து, காற்று நுழையும் துளைகள் எதிர்ச்சுவரின் அடியில் இல்லாவிட்டால் ஓரத்துத் தட்டுகள் காய்ந்து நடுத்தட்டுகள் பிசுபிசுக்கும்.

எந்த வகையானாலும் பரப்பளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 5 யூனிட் (கிலோவாட்-மணி) வெயில் விழுகிறது, அதில் 30 சதவீதம் உலர்த்தும் வேலைக்குப் போகிறது என்றால், சதுர மீட்டருக்கு இரண்டேகால் கிலோ தண்ணீர்தான் ஆவியாகும். 4 சதுர மீட்டர் பெட்டி ஒரே நாளில் 50 கிலோ மிளகாயைக் காயவைக்கும் என்று யாராவது சொன்னால் கிளம்பிவிடுங்கள்.

“இரவிலும் உலரும், உள்ளே கூழாங்கல் வெப்பச் சேமிப்பு உண்டு” என்பது அடிக்கடி வரும் இன்னொரு வாக்கு. 100 கிலோ கல் 25 டிகிரி குளிர்ந்தால் வெளிவிடும் வெப்பம் சுமார் 2.1 மெகாஜூல். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.4 மெகாஜூல் வேண்டும். துளி வெப்பமும் வீணாகாவிட்டால்கூட 100 கிலோ கல்லுக்கு ஒரு கிலோ தண்ணீர்கூடப் போகாது. அந்தக் கல்லுக்குக் கொடுக்கும் பணத்தை இன்னொரு ஃபேனுக்குக் கொடுங்கள்.

ஃபேன் விஷயத்தில் பேட்டரியும் கன்ட்ரோலரும் இல்லாமல் பேனலிலிருந்து நேரே ஓடும் அமைப்பையே விரும்புகிறோம். வெயில் ஏறினால் ஃபேன் வேகமும் ஏறும், உள்ளே சூடு கட்டுக்குள் நிற்கும். பழுதாகும் பாகமும் குறைவு. இதன் பலவீனம் நிழல். காலையில் டனலின் நிழலோ மரக்கிளையோ பேனலின் ஒரு மூலையை மறைத்தாலே மின்சாரம் விழுந்து ஃபேன் நின்றுபோகும், கறுப்புத் தளம் மட்டும் சூடேறிக்கொண்டிருக்கும், பழம் உலர்வதற்குப் பதில் வெந்துவிடும். பேனலைத் தனிக்கம்பத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். டனலில் ஃபேன் நுழைவாயிலில் இருக்க வேண்டும். வெளியேறும் பக்கம் வைத்தால் சூடும் ஈரமும் பட்டு பேரிங் சீக்கிரம் போகும், மேலும் உள்ளே காற்றழுத்தம் குறைந்து இடுக்கெல்லாம் தூசியை இழுக்கும். நுழைவாயிலின் பூச்சிவலை அடைபட்டால் காற்று சத்தமில்லாமல் குறைந்துவிடும், அதை வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

மேல்மூடிக்கு 6 மி.மீ. இரட்டைச்சுவர் பாலிகார்பனேட் நல்லது. பெரும்பாலும் அதன் ஒரு முகத்தில் மட்டுமே புற ஊதாக் கதிர்த் தடுப்புப் பூச்சு இருக்கும், அந்த முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் புரட்டிப் பொருத்தினால் சில ஆண்டுகளிலேயே மஞ்சளித்து நொறுங்கும். இதைப் பொருத்தும் அன்றே ஒட்டுக்காகிதத்தில் உள்ள எழுத்தைப் படித்துச் சரிபார்க்கலாம். இந்த ஷீட் சூட்டில் நன்றாக நீளும். 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 8 மி.மீ. கூடும். ஆகவே திருகு போடும் துளை திருகைவிடப் பெரிதாக இருந்து, மேலே ரப்பர் வாஷர் வரவேண்டும். இறுக்கி முடுக்கினால் துளையிலிருந்து விரிசல் ஓடும். ஷீட்டின் மேல்முனையை அலுமினிய டேப்பாலும் கீழ்முனையைக் காற்றுவிடும் டேப்பாலும் மூடாவிட்டால் குழல்களுக்குள் நீர்த்துளியும் பாசியும் படிந்து வெளிச்சம் குறையும். 200 மைக்ரான் பாலித்தீன் விலையில் எளிது, ஆனால் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றியாக வேண்டும். பசுமைத் தொழில்நுட்பம் என்று சொல்லிக் கழற்றிய பிளாஸ்டிக்கை வரப்பில் எரிப்பதில் அர்த்தமில்லை, திரும்ப எடுத்துக்கொள்ளும் விற்பனையாளராகப் பாருங்கள்.

தட்டு வலை 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ உணவுத்தர ஹெச்டிபிஈ (கெட்டியான ஒருவகை பிளாஸ்டிக்) வலையாகவோ இருக்கட்டும். துத்தநாகம் பூசிய கம்பிவலையைத் தக்காளி, மாங்காய் போன்ற புளிப்புப் பண்டங்கள் அரிக்கும். துத்தநாகம் உணவில் கலக்கும். விலையைக் குறைக்க விற்பவர்கள் கைவைக்கும் முதல் இடம் இதுதான். கறுப்பு வண்ணத்துக்கு வாடை இருக்கும். வாங்கியதும் பண்டம் ஏதும் வைக்காமல் பல நாள் வெயிலில் ஓடவிட்டு, வாடை அடங்கியபிறகே முதல் ஏற்றம்.

நறுக்கும் தடிமன் சாதனத்தின் பாகம் இல்லை, ஆனாலும் பாதி வெற்றி அதில்தான். உள்ளீரம் மேலே வந்து சேரும் கட்டத்தில், தடிமன் இரட்டிப்பானால் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 5 மி.மீ. துண்டும் 10 மி.மீ. துண்டும் ஒரே தட்டில் கிடந்தால் ஒன்று முறுகும், மற்றது ஊசும். கையால் நறுக்குவதைவிட ஸ்லைஸர் வாங்குவது மேல். பழம், காய்களுக்கு 55 முதல் 60 டிகிரி போதும். 65-ஐத் தாண்டினால் மேல்தோல் இறுகி உள்ளீரத்தை அடைத்துக்கொள்ளும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், பொட்டலம் போட்ட சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். வாசனை மூலிகைகளை 40 டிகிரியைச் சுற்றியே வைத்திருங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் பறந்துவிடும். விதைக்கு 40-ஐத் தாண்டவே கூடாது, முளைப்புத்திறன் போய்விடும். கீரையின் நிறமும் கரோட்டினும் நேர்வெயிலில் சிதையும். டனலின் பின்பாதிக்கு மேல் நிழல்துணி போட்டுக் காயவைத்தால் பச்சை மங்காது.

மாலையில் துவாரங்களை மூடாமல் விட்டால் இரவுக் காற்றின் ஈரத்தைப் பண்டம் திரும்ப உறிஞ்சும், காலையில் இரண்டு மணி நேர வெயில் அதை மீட்கவே செலவாகும். பாதி காய்ந்ததை இரவில் மூடிய டப்பாவில் எடுத்துவைப்பது இன்னும் நல்லது. உள்ளீரம் எல்லாத் துண்டுகளிலும் சமமாகிவிடும்.

காய்ந்ததா என்று விரலால் ஒடித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காற்றுப்புகாத ஜாடியில் முக்கால் பங்கு நிரப்பி, சிறிய ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்து மூடி, அறை வெப்பத்தில் ஓர் இரவு விடுங்கள். காலையில் அது 60 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் அந்தத் தடவை ஏற்றிய பண்டத்தில் பூஞ்சணம் வளர முடியாது. 65 என்றால் திரும்ப டனலுக்கே போகட்டும். பூச்சிமுட்டை சந்தேகம் இருந்தால் மைனஸ் 18 டிகிரியில் 48 மணி நேரம் உறையவைத்துப் பிறகு பொட்டலமிடலாம்.

சூழல் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இந்தச் சாதனங்கள் அந்தப் பெயரில்தான் விற்கப்படுகின்றன. சூடாக்கும் கம்பியில் ஓடும் மின்உலர்த்தி ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ தண்ணீரை வெளியேற்றினாலே நல்ல செயல்திறன். 100 கிலோ தக்காளிக்கு 90 யூனிட்டுக்குமேல் செலவாகும். டனலின் ஃபேன்கள் 50 வாட் எடுத்தால் மூன்று நாளைக்கும் சேர்த்து ஒன்றேகால் யூனிட்கூட ஆகாது, அதுவும் பேனலிலிருந்தே வருகிறது. அறுவடைக்குப் பின் சில்லறைக் கடையை எட்டுமுன் உலக உணவில் சுமார் 14 சதவீதம் இழக்கப்படுகிறது என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2019-இல் மதிப்பிட்டது. விலை விழுந்த வாரத்தில் வயலோரம் கொட்டப்படும் தக்காளியைக் காப்பாற்றுவதில்தான் இந்தச் சாதனத்தின் உண்மையான பயன் இருக்கிறது. அந்த நாளில் அது தயாராக, சுத்தமாக, ஓடும் நிலையில் இருந்தால்தான் அதுவும் நடக்கும்.

அறுவடையும் மழைக்காலமும் ஒன்றாக வரும் இடத்தில் சூரியனை மட்டும் நம்பும் மாடல் வேண்டாம். விறகு அல்லது பயிர்க்கழிவு அடுப்பு இணைத்த மாடல் கேளுங்கள். புகை நேரே பண்டத்தில் படக்கூடாது. அடுப்புச்சூடு குழாய்ச்சுவர் வழியாகவே காற்றுக்கு ஏறவேண்டும், புகை தனிப்போக்கில் வெளியேறவேண்டும். குழாயின் பற்றவைப்பில் கீறல் இருக்கிறதா என்று பருவந்தோறும் பார்க்க வேண்டும், வாடை வருவதற்கு முன்பே கரி படியத் தொடங்கிவிடும்.

பணம் கொடுப்பதற்குமுன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: தட்டு நிறைந்த நிலையில் மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று, ஷீட்டுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், ஃபேனின் வோல்ட்டும் வாட்டும். கடைசியது சாதாரண 12 அல்லது 24 வோல்ட் ஃபேனாக இருந்தால் எந்த மின்கடையிலும் மாற்று கிடைக்கும். அந்த நிறுவனமே செய்யும் தனி அளவு என்றால் உதிரி ஃபேன் ஒன்றையும் சாதனத்தோடு சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.