மெயில் தேடல் பக்கத்துக்குப் பின்னால் எதை வைப்பது: ரவுண்ட்கியூப்பா, எஸ்க்யூலைட்டா, நாட்மச்சா?

மெயில்டிர் வடிவில் (ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு) குவிந்து கிடக்கும் என் பழைய மெயில்களைத் தேடிப் படிக்க எளிய வெப் பக்கம் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு தேடல் பெட்டி, கீழே முடிவுகள், அவ்வளவுதான். அதன் தேடலைச் சீராக்க மூன்று வழிகளை அலசிவிட்டு, மெயில்களைத் தேடித்தரும் நாட்மச் என்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன்.

ரவுண்ட்கியூப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெயில் எழுதுவது, அனுப்புவது, முகவரிப் புத்தகம் என்று எல்லாம் உள்ள, பிரவுசரில் ஓடும் முழு மெயில் மென்பொருள் அது. வெப் பக்கம்போல் வடிவமைத்த எச்டிஎம்எல் மெயிலைச் சுத்தப்படுத்திக் காட்டுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் தேடலை, மெயில்களை வைத்திருந்து தரும் ஐமேப் சர்வரிடம் ஒப்படைத்துவிடும். அங்கே முழு உரை இண்டெக்ஸ் (எந்தச் சொல் எந்த மெயிலில் என்ற பட்டியல்) இல்லையென்றால் சர்வர் ஒவ்வொரு மெயிலாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். தேடிப் படிக்க மட்டும் என்றால் இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை.

எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸின் முழு உரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 உண்மையிலேயே ஆசை காட்டும். ஒரே கோப்பு, வேகமான தேடல், பொருந்திய சொற்றொடரை வெட்டியெடுத்துக் காட்டும் வசதியும் உள்ளேயே உண்டு. தமிழில் மட்டும் கவனம் தேவை. இயல்பு அமைப்பில் அது எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லாக எடுத்துக்கொள்ளும். நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் வேறு வகை என்பதால் அந்த இடங்களில் சொல் உடையும். ‘ரசீது’ என்பது ‘ரச’, ‘த’ என்று இரண்டாகிவிடும். அதனால் ரசீதைத் தேடினால் ‘ரசித்த’ என்று இருக்கும் மெயிலும் வந்து நிற்கும். குறி வகைகளையும் சேர்க்கச் சொன்னால் சரியாகிவிடும், ஆனால் அட்டவணையை உருவாக்கும்போதே சொல்லியாக வேண்டும். நாட்மச்சுக்கு அடியில் இருக்கும் ஸேப்பியன் என்ற தேடல் நிரலகம் தமிழ்ச் சொல்லை உடைக்காமல் எடுத்துக்கொள்கிறது. ‘ரசீத’ என்று அடித்து நட்சத்திரக் குறி போட்டால் ரசீதை, ரசீதில் எல்லாம் வரும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதுவல்ல, பராமரிப்பு. இண்டெக்ஸை ஒரு தடவை கட்டுவது எளிது. மெயில்பெட்டி மாறிக்கொண்டே இருக்கும்போது அதோடு ஒத்துப்போக வைப்பதுதான் பாடு. மெயில்டிரில் ஒரு மெயிலைப் படித்தாலே கோப்பின் பெயர் மாறிவிடும், படித்ததற்கான குறி பெயரின் வாலில்தான் ஒட்டும். புதிய மெயில் ‘நியூ’ அடைவிலிருந்து ‘கர்’ அடைவுக்கு நகரும். கோப்புப் பாதையை நம்பி நாமே கட்டிய இண்டெக்ஸில் இதெல்லாம் செத்த இணைப்பாகிவிடும். அப்புறம் ஒரே மெயில் இரண்டு அடைவுகளில் இருக்கும், பதில் முதலில் வந்து மூல மெயில் பிறகு வரும். ஒவ்வொன்றுக்கும் நாமே நிரல் எழுத வேண்டும், அதைக் காலத்துக்கும் காக்க வேண்டும்.

நாட்மச் மெயிலை அடையாளம் காண்பது, மெயிலின் தலைப்பகுதியில் இருக்கும் மெசேஜ் ஐடி என்ற தனி அடையாளத்தை வைத்து. ஒரு மெயிலுக்குப் பல கோப்புப் பெயர்கள் இருந்தாலும் அதற்குக் குழப்பமில்லை. ‘நாட்மச் நியூ’ கட்டளையை ஓட்டினால், மாற்றமில்லாத அடைவுகளை நேரத்தை வைத்தே தாண்டிப் போகும். பெயர் மாறிய கோப்பைத் தானே கண்டுகொண்டு, அதே மெயிலுக்குப் புதிய பெயரைப் பதிந்துகொள்ளும். தாமதமாக வந்த மூல மெயிலால் பிரிந்திருந்த உரையாடல்களை ஒன்று சேர்ப்பதும் அதன் வேலைதான். தேடல் முடிவை நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவில் தருவதால் வெப் பக்கத்துக்கு மெல்லிய நிரலே போதும்.

குறைகளும் உண்டு. நாம் ஒட்டும் டேக்குகள் மெயிலில் அல்ல, டேட்டாபேஸில் இருக்கின்றன. ‘நாட்மச் டம்ப்’ கட்டளையால் நகல் எடுத்து வைக்காவிட்டால் டேட்டாபேஸோடு அவையும் போகும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் எழுத முடியும். நான் சொல்வது ஒருவரின் மெயில்பெட்டியை வைத்துத்தான். பலர் சேர்ந்து தேடும் சர்வரில் இதை ஓட்டிய அனுபவம் எனக்கில்லை. எச்டிஎம்எல் மெயிலை சாண்ட்பாக்ஸ் போட்ட ஐஃபிரேமில் (பக்கத்தின் மற்ற பகுதிகளைத் தொட முடியாத தனிச் சட்டம்) அடைத்து, வெளிப் படங்களைத் தடுத்துக் காட்டுவது நம் பொறுப்பு. பொருந்திய வரியை வெட்டிக் காட்டும் வசதியும் இதில் இல்லை. அதை மட்டும் நானே எழுதிக்கொண்டேன்: திரையில் தெரியும் முடிவுகளுக்கு மட்டும் உரையை எடுத்து, தேடிய சொல் வரும் முதல் வரியைக் காட்டுகிறேன்.